சோபர் ஹோமில் முதலீடு: வாடகை யார் பையிலிருந்து வருகிறது?

அமெரிக்காவில் வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் சில காலமாக ஒரு கணக்கு சுற்றி வருகிறது. ஐந்து படுக்கையறை உள்ள வீட்டை ஒரு குடும்பத்துக்கு விட்டால் மாதம் 3,000 டாலர் கிடைக்கும். அதே வீட்டில் பத்துக் கட்டில்களைப் போட்டு, கட்டிலுக்கு வாரம் 200 டாலர் வசூலித்தால் மாதம் 8,600 டாலருக்கு மேல் வரும் என்பது அந்தக் கணக்கு. குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ மீண்டு, சிகிச்சை முடித்து, மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பவர்கள் சேர்ந்து வாழும் இத்தகைய வீடுகளைத்தான் இங்கே சோபர் ஹோம் என்கிறார்கள். பெருக்கலில் பிழை ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார் என்ற கேள்விதான் அதில் எங்கும் இல்லை. வட கரோலினாவில் எனக்குச் சொந்தமான வீடு ஒன்று சில ஆண்டுகளாக இத்தகைய இல்லமாக இயங்கி வருவதால், அண்மையில் என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைக் காட்டிலும் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

முதலில், இது மறுவாழ்வு மையம் அன்று. நம் ஊரில் போதை மறுவாழ்வு மையம் என்றால் மருத்துவர், மாத்திரை, ஆலோசகர், பூட்டிய வாயிற்கதவு எல்லாம் நினைவுக்கு வரும். சோபர் ஹோமில் இவை எதுவும் இல்லை. அது ஒரு வீடு, அவ்வளவுதான். அங்கிருப்பவர்கள் காலையில் வேலைக்குப் போகிறார்கள், மாலையில் திரும்பிச் சமைக்கிறார்கள், வாடகையைப் பங்கிட்டுக் கொள்கிறார்கள், குடிப்பதில்லை. 2011இல் தொடங்கப்பட்ட மீட்பு இல்லங்களின் தேசியக் கூட்டமைப்பு இவற்றை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. குடியிருப்போர் தாங்களே நடத்திக்கொள்வது முதல் நிலை. சம்பளத்துக்கு ஒரு மேலாளர் தங்கியிருந்து பார்த்துக்கொள்வது அடுத்தது. மேலே போகப் போகக் கண்காணிப்பும் ஊழியர்களும் கூடி, நான்காம் நிலையில் சிகிச்சையும் இல்லத்தோடு சேர்ந்துவிடுகிறது. வீட்டுச் சொந்தக்காரருக்கு இந்தப் படிநிலை முக்கியமானது, ஏனென்றால் ஒவ்வொரு படி ஏறும்போதும் வாடகைக்கு விடும் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவத் தொழிலாக மாறுகிறது. உரிமம், காப்பீடு, வழக்கு ஆகியவற்றின் கனமும் அதற்கேற்பக் கூடுகிறது.

முதல் நிலைக்கு இலக்கணம் வகுத்தது ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ். 1975இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் சிகிச்சை முடித்தவர்கள் வீடு திரும்புமுன் தங்குவதற்காக உள்ளாட்சி நிர்வாகம் நடத்திவந்த ஒரு இடைநிலை இல்லத்தைச் செலவு தாங்காமல் மூட முடிவு செய்தார்கள். அங்கே தங்கியிருந்த பால் மொல்லாய் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியேறி அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளாமல், அந்தக் கட்டடத்தைத் தாங்களே வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். மூன்று விதிகளை வைத்துக்கொண்டார்கள்: இல்லத்தைக் குடியிருப்போரே வாக்களித்து நடத்த வேண்டும், செலவை அவர்களே ஏற்க வேண்டும், மறுபடி குடித்தவரை உடனே வெளியேற்ற வேண்டும். இத்தனை மாதத்துக்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற காலக்கெடு கிடையாது. இன்று அந்தப் பெயரில் 3,000க்கும் மேற்பட்ட இல்லங்கள் இயங்குகின்றன. ஆனால் அந்த அமைப்பு வீடுகளை வாங்குவதில்லை. எல்லாம் வாடகை வீடுகள்தாம். அதாவது ஒவ்வொரு இல்லத்துக்குப் பின்னாலும் வாடகைக்கு விடச் சம்மதித்த ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். முதலீட்டாளருக்கு இதில் இடம் எங்கே என்று கேட்டால், என் பதில் அந்தச் சொந்தக்காரரின் இடம்தான். அதற்கு மேலே ஏற ஆசைப்படுகிறவர் நன்றாக யோசித்துவிட்டு ஏறட்டும்.

என்னுடைய வீட்டின் ஒப்பந்தம் தனியாள் எவருடைய பெயரிலும் இல்லை. இல்லம்தான் வாடகைதாரர், ஆட்கள் வருவார்கள், போவார்கள், ஒப்பந்தம் அப்படியே இருக்கும். மாத முதல் தேதி இல்லத்தின் வங்கிக் கணக்கிலிருந்து ஒரே காசோலை வருகிறது. ஓர் அறை காலியாக இருந்தாலும் அந்தத் தொகை குறைவதில்லை, ஏனென்றால் காலியான கட்டிலை நிரப்புவது அவர்களுடைய பொறுப்பு. ஒருவரைச் சேர்த்துக்கொள்ள அங்கிருப்போரில் 80 விழுக்காட்டினர் சம்மதிக்க வேண்டும் என்பது ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் முறை. அதனால் வேகமாக நிரப்புவதற்காக யாரையோ சேர்த்துவிடும் வழக்கமும் இல்லை. வாடகை அக்கம்பக்கத்தில் அந்த அளவு வீட்டுக்கு என்ன கிடைக்குமோ அதையொட்டியே இருக்கிறது. மூன்று மடங்கு இல்லை. இரண்டு மடங்கும் இல்லை. எனக்குக் கிடைத்த ஆதாயம் வேறு வகைப்பட்டது: வீடு காலியாகக் கிடந்ததில்லை, வாடகை தவறியதில்லை.

தண்ணீர்ச் சூடேற்றியை மாற்றுவதற்காக ஒருமுறை போனபோது சமையலறைக் கதவருகே சற்று நின்று பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை ஒட்டுநாடாவில் ஒரு பெயர். சுவரில் அந்த வாரத்து வேலைப் பட்டியல்: குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுப்பவர், மேல்மாடிக் குளியலறை கழுவுபவர், புல்வெட்டுபவர். அதற்குப் பக்கத்தில் பொருளாளர் எழுதிய தாள். அதில் வங்கி இருப்பு, மின்கட்டணம், ஒவ்வொருவரும் செலுத்திய பங்கு எல்லாம் காசு சுத்தமாக இருந்தன, இரண்டு பெயர்களுக்கு எதிரே பாக்கித் தொகை சிவப்பு மையில் இருந்தது. வாரம் ஒருமுறை எல்லோரும் உட்காரும் கூட்டத்தில் அந்தத் தாளை உரக்க வாசிப்பார்களாம். பாக்கி வைத்தவர் தலையைக் குனிந்துகொண்டாலும், எப்போது தருவேன் என்று அங்கேயே சொல்லியாக வேண்டும். பல வீடுகளை வாடகைக்கு விட்ட அனுபவத்தில் சொல்கிறேன், எந்த வாடகைதாரரின் வரவுசெலவையும் இவ்வளவு வெளிப்படையாக நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட இல்லங்களால் பயன் உண்டா என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெனர்டு ஜேசனும் அவருடைய குழுவினரும் சிகிச்சை முடித்து வெளியேறிய 150 பேரை எடுத்து, சீட்டுப் போட்டது போலப் பிரித்து, ஒரு பகுதியினரை ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்கும் மற்றவர்களை வழக்கமான பின்தொடர் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். 2006இல் வெளியான முடிவுகளின்படி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் சென்றோரில் 31.3 விழுக்காடு, மற்றவர்களில் 64.8 விழுக்காடு. மாத வருமானம் முதல் பிரிவினருக்குச் சராசரியாக 989 டாலர், மற்றவர்களுக்கு 440 டாலர். முதலீட்டாளர் இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும். வாடகை அந்த வருமானத்திலிருந்துதான் வருகிறது. அங்கிருப்பவர் தெளிந்து வேலை பார்ப்பதும் சொந்தக்காரருக்கு வாடகை வருவதும் ஒரே திசையில் போகும் ஏற்பாடு இது.

"குடிகாரங்களுக்காப்பா வீட்டைக் கொடுத்திருக்க?" என்று மதுரையிலிருந்து அம்மா கேட்டார். தெருவில் உள்ளவர்களும் அதைத்தான், சற்று நாகரிகமான சொற்களில், என்னிடம் கேட்டார்கள். என் மற்ற வீடுகளில் இருப்போர் இரவில் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, இந்த வீட்டில்தான் ஒருவர் குடித்தால் மற்றவர்களே அவரை வெளியேற்றுவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் சமாதானமானாரா என்பது வேறு விஷயம்.

அயலாரின் எதிர்ப்பைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக்கூடாது. 1988இல் திருத்தப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் மாற்றுத்திறனாளிகளை வீட்டு விஷயத்தில் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. பழக்கத்திலிருந்து மீண்டு வருவோரும் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறார்கள், ஆனால் தற்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் உட்கொண்டு கொண்டிருப்பவர் வருவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம், உறவுமுறை இல்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால் அது குடும்பம் ஆகாது என்ற தன் விதியைக் காட்டி ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸை எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அந்த விதிக்கு நியாய வீட்டுவசதிச் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது என்று சொன்னது. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரம் 2008இல் இந்த இல்லங்களைக் குறிவைத்து ஒரு விதி கொண்டுவந்து, நீண்ட வழக்குக்குப் பின் 2015இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இருந்தாலும் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் நகராட்சியை முறைத்துக்கொள்வது மூடத்தனம். இல்லம் தொடங்குவதற்கு முன்பே நகராட்சிக்கு நியாயமான விதிவிலக்கு கோரி முறையாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். அக்கம்பக்கத்து வீட்டு உரிமையாளர் சங்கங்களையும் அதே சட்டம் கட்டுப்படுத்துகிறது.

இனி, வாடகை வேறு பையிலிருந்து வந்த இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது தெற்கு ஃபுளோரிடா. 2008இல் வந்த சட்டமும் 2010இன் சுகாதாரச் சீர்திருத்தமும் போதைச் சிகிச்சைக்கும் காப்பீடு கிடைக்கும்படி செய்தன. 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே பிள்ளைகள் இருக்கவும் வழி பிறந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் டெல்ரே பீச் போன்ற ஊர்களில் சில சிகிச்சை நிலையங்கள் சோபர் ஹோம்களுக்கு ஆள் கணக்கில் கமிஷன் கொடுக்கத் தொடங்கின. காப்பீடு உள்ள இளைஞருக்கு வாடகை இலவசம். பதிலுக்கு அவர் குறிப்பிட்ட நிலையத்துக்குப் போய் வாரத்தில் பல முறை சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பெருந்தொகையில் பில் போகும். காப்பீட்டில் சிகிச்சை நாட்கள் தீர்ந்துவிட்டால்? அவர் மறுபடி பழக்கத்தில் விழுந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். தெளிந்தவரால் வருமானம் இல்லை, விழுந்தவரால்தான் வருமானம் என்று ஆனபோது அந்த வீடுகள் எதற்காகத் தொடங்கப்பட்டனவோ அதற்கு நேர்மாறாக இயங்கின. 2016இல் பாம் பீச் மாவட்ட அரசு வழக்கறிஞர் டேவ் ஆரன்பர்க் இதற்கென ஒரு தனிக்குழு அமைத்தார், கைதுகள் தொடர்ந்தன. 2018இல் மத்திய அரசே, இத்தகைய இல்லங்களுக்கோ சிகிச்சை நிலையங்களுக்கோ பரிசோதனைக் கூடங்களுக்கோ ஆள் அனுப்பக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

இரண்டாவது அரிசோனா. 2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் மாநில அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸும் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தபோதுதான் அதன் அளவு வெளியுலகுக்குத் தெரிந்தது. அரசு மருத்துவக் காப்பீட்டில் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென இருந்த திட்டத்தில் சில சேவைகளுக்குக் கட்டண உச்சவரம்பு இல்லை. அதைக் கண்டுகொண்டவர்கள் நவஹோ நாட்டிலிருந்தும் மற்றப் பூர்வகுடிப் பகுதிகளிலிருந்தும் ஆட்களை வேன்களில் ஏற்றி பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்து வீடுகளில் அடைத்து, கொடுக்காத சிகிச்சைக்குப் பில் போட்டார்கள். சில வீடுகளில் தங்கியிருந்தவர்களுக்கு மதுவையே கொடுத்தார்கள் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. தொடக்கத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அரசு பணம் கொடுப்பதை நிறுத்தியது. பணம் நின்றதும் வீடுகள் ஒரே இரவில் மூடப்பட்டன. ஊர் திரும்ப வழியில்லாதவர்கள் கோடை வெயிலில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காக அரசு உதவி எண் ஒன்றைத் திறந்து தற்காலிக இடம் ஏற்பாடு செய்தது. நவஹோ நாடு ஆபரேஷன் ரெயின்போ பிரிட்ஜ் என்ற பெயரில் தன் மக்களைத் தேடி ஆட்களை அனுப்பியது. இத்தனைக்கும் அரிசோனாவில் சோபர் ஹோம்களுக்கு மாநில உரிமம் வேண்டும் என்ற சட்டம் 2018இலேயே இயற்றப்பட்டிருந்தது. உரிமத் தாளை மட்டும் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் காலத்தில் அங்கே ஒரு வீட்டை இப்படி ஒரு நிறுவனத்துக்கு விட்டிருந்தார். சந்தை வாடகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தந்தார்கள். யார் தங்குகிறார்கள், அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பதற்காகத்தான் அந்த இரு மடங்கு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு மாதம் பணம் வரவில்லை, அடுத்த மாதம் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் வரவேற்பறையில்கூடத் தரையில் மெத்தைகள், கழிப்பறைக் குழாய் உடைந்து சுவரெல்லாம் ஈரம்.

ஆகவே யாரேனும் இந்த முதலீட்டைப் பற்றிக் கேட்டால் முதலில் நான் சொல்வது, வாடகை யார் பையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள் என்பதுதான். தங்கியிருப்பவர் உணவகத்திலோ கிடங்கிலோ உழைத்துச் சம்பாதித்த பணமா, குடும்பத்தார் முதல் சில வாரங்களுக்கு அனுப்புவதா, அரசின் வெளிப்படையான வீட்டு உதவித்தொகையா? இவை மூன்றும் நேர்மையான வழிகள். தங்குவோர் ஒன்றும் கொடுப்பதில்லை, எல்லாவற்றையும் சிகிச்சை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றால், வாடகை எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். சந்தை நிலவரத்தைவிட மிக அதிகமான வாடகையைச் சிகிச்சை நிலையம் ஒன்று தர முன்வந்தால், அது வாடகை என்ற பெயரில் வரும் கமிஷன் என்று விசாரிப்பவர்கள் கருத இடமுண்டு. இல்லத்தை நடத்துபவரிடம் கடந்த ஆறு மாதத்தில் குடியிருப்போர் செலுத்திய பணத்துக்கான ரசீதுகளைப் பெயர்களை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லலாம். நேர்மையாக நடத்துபவருக்கு அதில் தயக்கம் இருக்காது.

வீட்டைத் தானே நடத்திப் பணம் பார்க்கலாம் என்பவர்களுக்காக, தொடக்கத்தில் சொன்ன 8,600 டாலருக்குத் திரும்புகிறேன். பத்துக் கட்டிலும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருக்கும் என்று அந்தக் கணக்கு எண்ணிக்கொள்கிறது. பழக்கத்துக்குத் திரும்புவது இந்த நோயின் இயல்பு, ஒருவர் விழுந்தால் அவருடைய கட்டில் அன்றே காலியாகும், பாக்கியும் பெரும்பாலும் வராது. மின்சாரம், தண்ணீர், இணையம், கட்டில், மெத்தை எல்லாம் உங்கள் செலவு. மேலாளருக்குச் சம்பளமோ இலவச அறையோ தர வேண்டும். நள்ளிரவில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் அளவுமீறிய போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தை மூக்கில் அடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்க வேண்டும். வெளியேற்றப்பட்டவர் தன்னை வாடகைதாரர் என்று வாதிட்டு நீதிமன்றம் போகலாம். சில மாநிலங்களில் அந்த வாதம் எடுபடும். இத்தனையையும் கழித்தால் மிஞ்சுவது உங்கள் உழைப்புக்கான கூலிதான். அதை முதலீட்டின் ஈட்டம் என்று சொன்னால் கணக்கு உதைக்கும். வருமான வரித்துறையும் அப்படித்தான் பார்க்கிறது: வெறும் வாடகை 'ஷெட்யூல் ஈ' என்ற வரிப் படிவத்தில் போகும், குடியிருப்போருக்குக் கணிசமான சேவைகளும் கொடுத்தால் அது தொழில் வருமானமாகி 'ஷெட்யூல் சி' படிவத்துக்குப் போய், சுயதொழில் வரியும் சேரும். இந்த வேலையை மனமுவந்து செய்பவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் தாங்களே மீண்டு வந்தவர்கள். அலுவலக வேலை முடித்து மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதை நடத்திவிடலாம் என்று பயிற்சி வகுப்பு விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

காப்பீட்டு முகவரிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு விடும் வீட்டுக்கான சாதாரணப் பாலிசியை வைத்துக்கொண்டு பத்துப் பேரைக் குடியேற்றினால், தீ விபத்து நேரும் நாளில் அந்தப் பாலிசி கைகொடுக்காமல் போகலாம். கடன் கொடுத்த வங்கிக்கும் ஒப்பந்தத்தைக் காட்டுவது நல்லது. நீங்களே குடியிருப்பதாகச் சொல்லி வாங்கிய கடனில் இதைச் செய்வது மோசடி.

கட்டடத்தைப் பொறுத்தவரை, தேசியக் கூட்டமைப்பின் தரவிதிகள் கட்டிலுக்கு 50 சதுர அடியும், ஆறு பேருக்கு ஒரு கழிப்பறையும் குளியலிடமும் கேட்கின்றன. இது குறைந்தபட்ச அளவு; நான்கு பேருக்கு ஒன்று இருந்தால் காலை ஏழு மணிக்குச் சண்டை வராது. பேருந்து நிறுத்தம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் வருபவர்களில் பலருக்கு ஓட்டுநர் உரிமம் இருக்காது. சாப்பாட்டு அறைக்கும் வண்டிக்கூடத்துக்கும் தடுப்பு வைத்துப் படுக்கையறையாக்கும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படுக்கையறைக்குத் தப்பிக்கும் சன்னல் வேண்டும். அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இங்கே பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதி. வண்டிக்கூடத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு சன்னலே கிடையாது. என் வீட்டில் ஒரு சுவரையும் நான் தொடவில்லை. இந்த இல்லம் ஒருநாள் வேறிடம் பார்த்துப் போனால், சுவருக்கு வெள்ளையடித்து அடுத்த மாதமே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு அதே வாடகையில் விட முடியும். கட்டில் கணக்கில் விலை பேசி, கட்டில் கணக்குக்காகவே உடைத்துக் கட்டிய வீட்டை வாங்க, மற்றொரு கட்டில் கணக்குக்காரர்தான் வர வேண்டும்.